மழையிலும் குளிரிலும் கயாக்கில் செல்லலாமா?

காற்று 18 டிகிரி செல்சியஸ், ஏரி நீர் 11 டிகிரி, நாள் முழுவதும் தூறல் என்ற நிலையில், பருத்திச் சட்டையின் மேல் மழைக்கோட்டு அணிந்து நண்பருடன் கயாக்கில் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகில்) செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த உடையுடன் செல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

தூறல் பெரிய தடையன்று. காற்றின் வெப்பநிலையைப் பார்த்து உடுத்துவதுதான் தவறு. படகு கவிழ்ந்தால் நீங்கள் இருக்கப்போவது நீரில். அதுவோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைப் பறித்துவிடும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுபவருக்கு முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அந்நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால், நன்கு நீந்தத் தெரிந்தவரும் நீரை உள்ளிழுத்து மூழ்கிவிடக்கூடும். அதைக் கடந்தாலும், சுமார் 10 நிமிடங்களில் கைவிரல்கள் விறைத்து, படகில் மீண்டும் ஏறுவது மிகக் கடினமாகிவிடும். ஆகவே உயிர்காப்பு அங்கியை, படகில் வைத்திருந்தால் போதும் என்று எண்ணாமல், இறுக அணிந்தே இருங்கள்; இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

தடிமனான வெட்சூட் (குளிர்நீரில் உடல் வெப்பத்தைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) கிடைத்து, காற்றும் அடங்கியிருந்தால், கரையை ஒட்டியே செல்லுங்கள். உலர்ந்த மாற்றுடையை நீர்புகாத பையில் எடுத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடங்கள் காத்திருங்கள். காற்று கரையிலிருந்து ஏரியின் நடுப்பகுதியை நோக்கி பலமாக வீசினால், வெட்சூட் இருந்தாலும், பயணத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.