கூலாய் போன் கடை கேள்வி பதில்: பேசுனது மகனா மெஷினா?

மலேசியாவுல, ஜொகூர் பக்கம் கூலாய்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், ஏஐ, ஸ்கேம், டேட்டா சென்டர்னு எது வேணாலும் கேளுங்கன்னு சொன்னேன், குவிஞ்சிருச்சு. தெரிஞ்சதுக்கு மட்டும் பதில்.

செனாய் அக்கா: தம்பி, என் தம்பி குரல்லயே அம்மாவுக்கு போன், ஆக்சிடென்ட் ஆயிருச்சு உடனே 3,000 வெள்ளி (ரிங்கிட்) போடுன்னு. அவன் அப்ப வேலையில இருக்கான். குரல எப்படி எடுத்தானுங்க?

அக்கா, 3 செகண்ட் குரல் இருந்தாலே போதும்னு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்காரங்க 2023 ஜனவரியிலயே காட்டிட்டாங்க, உங்க தம்பி தைப்பூசத்துல ஒரு டிக்டாக் போட்டிருந்தா அதுவே ஏராளம். படிச்சவன் ஏமாற மாட்டான்னும் இல்ல. ஹாங்காங்ல 2024ல ஒரு கம்பெனி ஆளு வீடியோ மீட்டிங்ல பெரிய பெரிய ஆபீசருங்க முகத்தையே பாத்து பேசிட்டு 200 மில்லியன் ஹாங்காங் டாலர் அனுப்பிட்டாரு, கடைசில பாத்தா அதுல இருந்த மத்தவங்க எல்லாம் போலி.

என் கடைக்கே ஒரு அம்மா வந்தாங்க, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டி புள்ளைய ஆளாக்குனவங்க. கை நடுங்குது, போன மேசை மேல வச்சிட்டு "என் பையன் குரல்தான்யா, சத்தியமா"ன்னு அதையே திரும்ப திரும்ப சொல்றாங்க. பேங்க் பாஸ்வர்ட் மறந்து போச்சு, அதனால காசு தப்பிச்சுது. பையன் உங்கள எப்படி கூப்புடுவான்னு கேட்டேன். "கிழவின்னுதான்." அந்த போன்ல? "அம்மா அம்மான்னு அவ்ளோ பாசமா பேசுனான்யா, எனக்கு அழுகையே வந்துருச்சு." அதுக்கு மேல என்னத்த கேக்குறது, பக்கத்து கடையில ஒரு மைலோ வாங்கி குடுத்தேன்.

இப்படி போன் வந்தா கட் பண்ணிட்டு தம்பியோட பழைய நம்பருக்கு நீங்களே அடிங்க. குடும்பத்துக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வச்சிக்குங்க. காசு போயிருச்சுன்னா உடனே 997, 2022ல ஆரம்பிச்ச ஸ்கேம் சென்டர் நம்பர், பேங்குக்கும் அடிங்க. காசு ஒரு அக்கவுன்ட்லேருந்து இன்னொன்னுக்கு தாவுறதுக்குள்ள புடிக்கணும், வெக்கப்பட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லாம இருந்தா அவ்ளோதான்.

கெலாப்பா சாவிட்லேருந்து ஒரு அப்பா: மக ஃபார்ம் 4, பதினாறு வயசு. ராத்திரியெல்லாம் சாட்ஜிபிடிகிட்ட பேசுது, கேட்டா "அதுக்குத்தான் என்னைய புரியுது"ங்குது. கோயில்ல கயிறு கட்டலாமா?

கட்டுங்க, தப்பில்ல, ஆனா உங்க கையில கட்டுங்க அண்ணே. 1966லயே அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டில வைசன்பாம்னு ஒரு வாத்தியாரு எலைசான்னு ஒரு ப்ரோக்ராம் எழுதுனாரு, நாம சொல்றதையே திருப்பி கேள்வியா கேக்கும், வேற சரக்கே கிடையாது, ஆனா அத அவர் எழுதுறத பாத்துக்கிட்டே இருந்த செகரெட்டரியே கொஞ்ச நேரம் பேசிட்டு, நீங்க ரூம விட்டு வெளிய போங்கன்னு அவரையே சொல்லிருச்சு. 2025 ஆகஸ்ட்ல சாட்ஜிபிடி கம்பெனி ஓப்பன்ஏஐ, ஜிபிடி 5னு புது மாடல் விட்டப்ப பழைய மாடல் 4ஓவ தூக்கிட்டாங்க, ஆளுங்க எழவு வீடு மாதிரி அழுதாங்க, சில நாள்லயே காசு கட்டுறவங்களுக்கு திருப்பி குடுத்தாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல ஒரு அப்டேட் எதுக்கெடுத்தாலும் ஜால்ரா போடுதுன்னு அவங்களே வாபஸ் வாங்குனாங்க. எனக்கு அந்த ஜால்ராதான் பயம், வீட்ல யாரும் காது குடுக்காத புள்ளைக்கு அது தேன். போன புடுங்காதீங்க. ரொட்டி சானாய் சாப்ட கூட்டிட்டு போங்க, அரை மணி நேரம் அது பேசட்டும், நீங்க அட்வைஸ் பண்ணாம உக்காருங்க. உங்களால முடியுமான்னு தெரியல, என்னால முடியல.

டீச்சர் ஒருத்தவங்க: 16 வயசுக்கு கீழ சோஷியல் மீடியா கூடாதுன்னா புள்ளைங்க கேக்குமா?

ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10லேருந்து தடை, நம்ம அரசாங்கமும் 2026ல கொண்டு வரோம்னு அறிவிச்சாங்க. ஆனா மகனுக்கு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி குடுன்னு கடைக்கு வர்றதே அப்பனுங்கதான் டீச்சர், வயசு கேட்டா "25ன்னு போடு தம்பி"ம்பாங்க.

தோட்டத்து பேரன்: அண்ணே, நம்ம பக்கம் செடனாக்ல செம்பனைய (பாமாயில் மரம்) அழிச்சு டேட்டா சென்டரா கட்டுறாங்களே, உள்ள அப்படி என்னதான் இருக்கு?

அலமாரி அலமாரியா கம்ப்யூட்டர் தம்பி. சிங்கப்பூர் 2019லேருந்து 2022 வரைக்கும் புது டேட்டா சென்டர நிறுத்தி வச்சான், பாலம் தாண்டுனா நம்மகிட்ட நெலம் இருக்கு, இங்க வந்துட்டானுங்க. அந்த சிப்பெல்லாம் கொதிக்கும், அத ஆத்த தண்ணி வேணும், கரண்டு வேணும். கட்டும்போது கூட்டமா வேலை இருக்கும், கட்டி முடிச்சா கொஞ்ச பேருதான். எனக்கு தெரிஞ்ச அங்கிள், முன்ன செம்பனை குலை வெட்டுனவரு, இப்ப அந்த மாதிரி ஒரு எடத்துல ஜாகா, வாட்ச்மேன் வேலை. "உள்ள விடமாட்டான்யா, ஃபேன் சத்தம்தான் ராத்திரி பூரா, மழை வர்ற மாதிரி"ன்னாரு. வாட்ஸாப்ல பேரன் அனுப்புற படம் பெருசாகலன்னு அந்த அங்கிளே என்கிட்டதான் போன கொண்டாந்து குடுக்குறாரு.

திரும்பவும் செனாய் அக்கா: தம்பி, நீங்க சொன்ன மாதிரி ரகசிய வார்த்தை வச்சோம். அம்மா மறந்துரும்னு அத ஃபேமிலி குரூப்ல போட்டு வச்சிட்டாங்க. 64 பேரு இருக்காங்க.

மாத்துங்கக்கா. இந்த தடவ நேர்ல போயி காதுல சொல்லுங்க.