எம்ஆர்என்ஏவின் ஆயுளை யார் முடிவு செய்கிறார்கள்?

எல்லா எம்ஆர்என்ஏவுக்கும் ஒரே ஆயுளா?

இல்லை. மரபணுவின் குறிப்பை நகலெடுத்து, புரதம் செய்யக் கொண்டுபோகும் மூலக்கூறுதான் எம்ஆர்என்ஏ. ஈ.கோலை பாக்டீரியாவில் பெரும்பாலானவை சில நிமிடங்களே தாங்கும். நம் செல்களில் சி-ஃபாஸ் என்ற மரபணுவின் எம்ஆர்என்ஏ அரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும்; ஹீமோகுளோபினின் பகுதியான குளோபின் புரதத்தின் எம்ஆர்என்ஏவோ ஒரு நாள் கடந்தும் நிற்கும்.

செய்ததை உடனே அழிப்பது வீண் வேலை இல்லையா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் மரபணுவை அணைத்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ள எம்ஆர்என்ஏ பிரதிகள் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். அழற்சியைத் தூண்டும் புரதங்கள் விஷயத்தில் அது ஆபத்து.

எதை அழிப்பது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

இதுதான் சுவாரசியமான கேள்வி. குறிப்பு பெரும்பாலும் எம்ஆர்என்ஏவின் 3' முனைப் பகுதியில், புரதத்துக்கான குறியீடு முடிந்த பிறகு வருகிறது. 1986-இல் ஷா, கேமன் என்ற ஆய்வாளர்கள் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற, வெள்ளையணு வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தின் மரபணுவில் இருந்து, எம்ஆர்என்ஏவில் ஏ, யு எழுத்துகளாக நிறையும் ஒரு சிறு துண்டை எடுத்து, நீண்ட ஆயுள் கொண்ட குளோபின் மரபணுவில் சேர்த்தார்கள். அதன் எம்ஆர்என்ஏ வேகமாகச் சிதைந்தது! எளிய சோதனை, ஆனால் மறுக்க இடமில்லை.

அந்தத் துண்டில் டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் ஒட்டிக்கொண்டால், சிசிஆர்4-நாட் என்ற நொதிக் கூட்டம் வந்து 3' முனையில் ஏ எழுத்துகள் தொடராக நிற்கும் பாலி-ஏ வாலைக் கத்தரிக்கும். வால் குறுகியதும் மறுமுனையைக் காக்கும் தொப்பி கழலும், எக்ஸ்ஆர்என்1 நொதி அங்கிருந்து தின்னத் தொடங்கும். டிரிஸ்டெட்ராப்ரோலின் இல்லாத எலிகளில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் அளவு மீறி, மூட்டழற்சி வருகிறது. அதே துண்டில் ஹெச்யுஆர் புரதம் ஒட்டினால் பலன் தலைகீழ், ஆயுள் கூடும்.

சூழலைப் பார்த்து முடிவெடுப்பதும் உண்டு. செல்லில் இரும்புச்சத்து குறைந்தால், இரும்பை உள்ளே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் எம்ஆர்என்ஏவில், இரும்பின் அளவை உணரும் ஐஆர்பி புரதங்கள் அமர்ந்து காக்கும். ஏற்பி கூடும், இரும்பு உள்ளே வரும். போதுமான இரும்பு சேர்ந்ததும் அவை விலகிவிடும், எம்ஆர்என்ஏ வெட்டுப்படும்.

தடுப்பூசி எம்ஆர்என்ஏ உடலில் நிரந்தரமாகத் தங்குமா?

தங்காது. அதன் யு எழுத்தான யுரிடினை மாற்றியமைப்பது முக்கியமாக நோயெதிர்ப்பு எச்சரிக்கையைத் தணிக்கத்தான். கடைசியில் அதையும் செல்லின் நொதிகளே சிதைக்கும்.

பிழையான எம்ஆர்என்ஏவைச் செல் கண்டுபிடிக்குமா?

ஒரு வகைப் பிழையை நன்றாகவே கண்டுபிடிக்கும். புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறி வரவேண்டிய இடத்துக்கு வெகு முன்னால் வந்துவிட்டால், யுபிஎஃப்1 புரதம் அழிப்பைத் தொடங்கி வைக்கும். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையில் இதன் பயன் தெரிகிறது: குறைப் புரதம் சேராததால், மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானவர்கள் பொதுவாகப் பெரிய தொல்லையின்றி இருக்கிறார்கள். ஆனால் பிழை கடைசி எக்ஸானில் (எம்ஆர்என்ஏவில் இடம்பெறும் மரபணுத் துண்டுகளில் கடைசியானதில்) விழுந்தால் இந்தக் கண்காணிப்பில் சிக்காது. அப்போது ஒரே பிரதி பழுதானாலும் நோய் வரலாம்.