ஹாஸ்டலில் ஜெபம் நின்றுபோனது பற்றி

தம்பி, தூத்துக்குடி பக்கத்து நாசரேத்திலிருந்து கோவைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, நாலு பேர் இருக்கும் அறையில் முழங்கால் போடவே கூச்சமாக இருக்கிறது, ஞாயிறு ஆராதனையும் விட்டுப்போச்சு என்று எழுதியிருந்தீர்கள்.

குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வீட்டில் அம்மா எழுப்பிவிட்டார்கள், குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தோம். அதில் பாதி அம்மாவின் விசுவாசம். (எனக்கும் அப்படித்தான்.) உங்களுடையது இப்போதுதான் தொடங்குகிறது.

முழங்கால் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. நான் மெஸ்ஸுக்குப் போகும் வழியில், கையில் தட்டோடு நடந்துகொண்டே ஜெபித்தவன். பைபிள் அதிகம் வாசிக்க முடியாத நாளில் சங்கீதம் 117 போதும், இரண்டே வசனம். கொஞ்சம் நேரம் கிடைத்தால் மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான், தினம் ஒன்று.

தனியாக இழுக்காதீர்கள். பல கல்லூரிகளில் இ.யு. (இவாஞ்சலிக்கல் யூனியன்) என்று மாணவர் ஜெபக்குழு இருக்கும். அந்த அமைப்பு 1954-இலிருந்து நடக்கிறது. சீனியர்களிடம் விசாரியுங்கள். காலையில் எழ முடியவில்லையா, மாலை ஆராதனை உள்ள சபையாகப் பாருங்கள்.

அப்புறம், கிண்டல் செய்யும் அறைத்தோழனோடு வாதாட வேண்டாம். என் அறையில் அதிகம் கிண்டலடித்தவன்தான், பரீட்சைக்கு முந்தின ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "டேய், எனக்கும் சேர்த்துப் பண்ணுடா" என்றான்.