இனிக்கும் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

கேள்வி: மதுரையை ஒட்டிய விரகனூர் அருகே, வைகைக் கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். 320 அடி ஆழ்துளைக் கிணற்றில் (போர்) டிடிஎஸ் மீட்டர் 1400 காட்டுகிறது. பாத்திரங்களில் வெள்ளையாகப் படிகிறது, பருப்பு வேகவில்லை. கொல்லையில் உள்ள 40 அடிப் பழைய கிணற்றில் 700தான், குடித்தால் இனிக்கிறது. அதைக் காய்ச்சிக் குடிக்கலாமா? அல்லது போரை 600 அடிக்கு இறக்கலாமா? வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: முதலில் குழந்தை. பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை கிணற்றுத் தண்ணீரில் புட்டிப்பால் கலக்க வேண்டாம், காய்ச்சினாலும் வேண்டாம். நீங்கள் போரைக் கண்டு அஞ்சுகிறீர்கள். எனக்கோ இனிக்கும் அந்தக் கிணற்றின் மீதுதான் கவலை.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மதிப்பிட்டுச் சொல்லுமே தவிர, அவை என்னென்ன உப்புகள் என்பதையோ கிருமி உண்டா என்பதையோ சொல்லாது. ஐ.எஸ். 10500 என்னும் இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது; வேறு தண்ணீர் கிடைக்காதபோது 2000 வரை ஏற்கலாம். ஆனால் நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, அதில் தளர்வே கிடையாது. கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை, தொழுவம் ஆகியவற்றிலிருந்து கசிவது முதலில் வந்து சேருவது ஆழமில்லாத கிணற்றில்தான். நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ இல்லை, நாக்குக்கும் தெரியாது. அது அளவுக்கு மீறினால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் கிருமி சாகும்; நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

போர்த் தண்ணீரின் குறை பெரும்பாலும் கடினத்தன்மையாக இருக்கலாம். காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கின் மேல் எலுமிச்சைச் சாற்றை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புப் படிவு. சோப்பு நுரைக்காததற்கும் பருப்பு வேகாததற்கும் அதுதான் காரணம். தொல்லை தரும் தண்ணீர்தான் என்றாலும் அதனாலேயே அது நஞ்சாகிவிடாது. ஃபுளூரைடு வேறு விஷயம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது, 1.5-ஐத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை விழும், எலும்பும் கெடும். சுண்ணாம்பு குறைந்த, சோப்பு நன்றாக நுரைக்கும் தண்ணீரிலும் ஃபுளூரைடு மிகுந்திருக்கக் கூடும் என்பதால் இதையும் சுவையை வைத்து முடிவு செய்ய முடியாது.

போரை ஆழப்படுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மதுரைச் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் கடினப்பாறை நிலம். மேலே சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. ஆழம் போகப் போக வெடிப்புகள் அருகும். கிடைக்கும் நீரும் பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடந்து உப்பைக் கரைத்துக்கொண்டதாகவே இருக்கும். ஒரு காலத்தில் வைகை மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பினார்கள். அந்த மணல்தான் ஆற்று நீரைப் பிடித்து வைத்து, வடிகட்டிக் கரையோரக் கிணறுகளுக்குக் கொடுத்தது. மணலை அள்ளிவிட்டு அதே ஆற்றில் சாக்கடையையும் விட்ட பிறகு, கரைக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே கிணறு நல்ல கிணறாகிவிடும் என்று நம்ப இயலவில்லை. இதை எழுதவே மனம் வலிக்கிறது.

இரண்டு தண்ணீரையும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் புட்டியை மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்குக் கூடத்தில் தரும் கிருமி நீக்கிய புட்டியை மட்டும் பயன்படுத்துங்கள். அதை அலசக் கூடாது, அன்றே ஒப்படைக்க வேண்டும். கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளூரைடு, குளோரைடு, மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நைட்ரேட்டோ ஃபுளூரைடோ மிகுந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. (நுண்சவ்வு வழியே உப்புகளைப் பிரிக்கும் கருவி) போதும். அது வெளியேற்றும் தண்ணீரைக் கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள், கிணற்றடியில் விடாதீர்கள். கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் கருவி இவ்விரண்டையும் நீக்காது.

கிணற்றைத் தூர்த்துவிடாதீர்கள். கழிவுநீர்த் தொட்டி அதிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் தொட்டியை இடம் மாற்றுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். அடுத்தது கூரை மழைநீர். ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்யும் மதுரையில், 1000 சதுர அடிக் கூரையிலிருந்து இழப்பு போக ஏறத்தாழ 60,000 லிட்டர் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையை மணலும் சரளையும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்குங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்பே குழாய் வேலையை முடித்துவிட்டால், தை மாதத்தில் மறுபடி ஒரு முறை பரிசோதித்து முதல் முடிவோடு ஒப்பிடலாம்.