பேசாத பிள்ளையும் டியூட்டி டாக்டர் போனும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் 60 பேர். போன மாதம் எங்களுக்கு ஒரு பயிலரங்கு நடந்தது. மாணவிகளுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் நான்கெழுத்து வகை கண்டுபிடித்து, அகமுகர் (ஒதுங்கியிருப்பவர்), புறமுகர் (கலகலப்பானவர்) என்று பிரித்து, அந்தந்த இயல்புக்கு ஏற்றபடி கற்பிக்கச் சொன்னார்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி. எழுத்துத் தேர்வில் முதல் ஐந்து பேருக்குள் வருவாள். வார்டில் பெட் பக்கத்தில் கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை. நோயாளியின் நிலையை வாய்விட்டு விவரிக்கிற கேஸ் பிரசன்டேஷனுக்குப் பதிலாக அவளுக்கு எழுத்து அசைன்மென்ட் கொடுக்கலாமா? இன்னொருத்தி எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள், பிறவித் தலைவி. எந்தத் தேர்வு நம்பகமானது? தமிழில் வைக்கலாமா?

எஸ்., போரூர்

அன்புள்ள எஸ்.,

கொடுக்காதீர்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். எல்லார் முன்னாலும் அந்தப் பெண் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க உங்களுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் இன்னும் சில வருடத்தில் அவள் ஏதோ ஒரு வார்டில் நைட் டியூட்டியில் இருப்பாள். ராத்திரி 2 மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்கும். டியூட்டி டாக்டரை எழுப்பிச் சொல்லியாக வேண்டும். அதை அசைன்மென்ட்டாக எழுதிக் கொடுக்க முடியாது. அகமுகர் என்று பெயர் சூட்டி, அவளுக்கு மிகவும் தேவைப்படுகிற பயிற்சியை இன்றைக்கு நீங்கள் பிடுங்கிக்கொண்டால், அதற்கான விலையைப் படுக்கையில் கிடக்கிற ஒருவர் கொடுப்பார்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கெழுத்து என்றால் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு. உளவியலாளர் யுங் 1921-இல் எழுதிய வகைப்பாட்டிலிருந்து கிளைத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான இசபெல் மையர்ஸ் 1950-களிலேயே ஆயிரக்கணக்கான மருத்துவ மாணவர்களுக்கு அதை வைத்துப் பார்த்தவர். அதன் கோளாறு, நடுவில் கோடு கிழித்து ஆட்களை இரண்டாகப் பிரிப்பது. கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சில வாரம் கழித்து எழுதினால் அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். ஆளுமையின் ஐந்து பண்புகளை, வகை பிரிக்காமல், அளவாகப் பார்க்கிற ஐம்பண்புத் தேர்வுகள் அதைவிட மேல். ஆனால் அவரவர் பாணிக்கு ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இலேயே பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அலசிச் சொல்லிவிட்டார்கள். தமிழில் வைப்பதா ஆங்கிலத்தில் வைப்பதா என்ற கேள்விக்கே அப்புறம் இடமில்லை.

ஒரு ஆய்வை மட்டும் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். பெல்ஜியத்தில் 1997-இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்த 600-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து, 2009-இல் வெளியிட்டார்கள். முதல் வருடங்களில் கலகலப்பான சுபாவம் மார்க்குக்கு உதவவில்லை, கெடுக்கவே செய்தது. நோயாளிகளோடு பழகும் வருடங்கள் வந்தபோது அதே சுபாவம் கைகொடுத்தது. உங்கள் பெண் எழுத்துத் தேர்வில் முன்னால் நிற்பதும் வார்டில் பின்வாங்குவதும் இந்தப் படத்தில் அப்படியே பொருந்துகிறது. அப்படியானால் அவளுக்கு வார்டுப் பேச்சில் கூடுதல் பயிற்சி வேண்டும். நீங்கள் இருப்பதையும் குறைக்கப் பார்க்கிறீர்கள்!

ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் கேன்யுலா போட எப்படிக் கற்றுக்கொடுக்கிறீர்கள்? டூர்னிகே பட்டையை எங்கே கட்டுவது, ஊசி எவ்வளவு சாய்வில் போக வேண்டும், பின்னால் ரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுக் குழாயை நழுவவிடுவது என்று படிப்படியாகச் சொல்கிறீர்கள். 'தைரியமாப் போடும்மா' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. பேச்சுக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்?

டியூட்டி டாக்டருக்குப் போன் போடுவதும் ஒரு ப்ரொசீஜர்தான். அதற்கு எஸ்பார் (SBAR) என்ற வரிசை இருக்கிறது: நிலவரம், பின்னணி, கணிப்பு, வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நம் வார்டில் அது இப்படி இருக்கும்:

"சார், சர்ஜரி வார்டு ஸ்டாஃப் பேசுறேன். 14-ஆம் பெட் அம்மாவுக்கு சாச்சுரேஷன் 88, மூச்சு நிமிஷத்துக்கு 28, பல்ஸ் 124. நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவங்க, 52 வயசு. மத்தியானம் வரைக்கும் 97 இருந்துச்சு. நெஞ்சுல ஏதோ பிரச்சினைன்னு தோணுது. ஆக்சிஜன் வெச்சிருக்கேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும் சார்."

அரை நிமிடம் ஆகாது. இதில் தப்பு எங்கே நடக்கும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 'சாரி சார், தூங்கிட்டிருந்தீங்களா' என்று ஆரம்பித்தால் முதல் ஐந்து நொடி வீண். அட்மிஷன் நாளிலிருந்து கதை சொன்னால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான 88 என்ற எண் வருவதற்குள் எதிர்முனையில் கவனம் போய்விடும். கேஸ் ஷீட் கையில் இல்லாமல் டயல் செய்தால் முதல் கேள்விக்கே தடுமாற்றம். எல்லாவற்றிலும் மோசம், கடைசி வாக்கியத்தை விழுங்குவது. 'வந்து பார்க்கணும்' என்று கேட்காமல் 'அவ்ளோதான் சார்' என்று முடித்தால் 'சரி, பார்த்துக்கலாம்' என்றுதான் பதில் வரும். மருந்து சொன்னால் எழுதி, திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றாகக் கேட்கும். ஒன் ஃபைவ், ஃபைவ் ஸீரோ என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள்.

இதைக் கற்றுக்கொடுக்க ராட்னி பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1998-இல் எழுதிய நான்கு படிகள் போதும். முதலில் நீங்கள் முழு போன் காலையும் விளக்கம் இல்லாமல் உண்மையான வேகத்தில் செய்துகாட்டுங்கள். அடுத்து, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். மூன்றாவதில் அவள் சொல்வாள், நீங்கள் செய்வீர்கள். நான்காவதில் அவளே சொல்லி அவளே செய்வாள். நேரம் போதவில்லை என்று பல டியூட்டர்கள் மூன்றாவது படியைத் தாண்டிவிடுகிறார்கள். கூச்சப்படுகிற பிள்ளைக்குப் படியே அதுதான். போன் உங்கள் காதில் இருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து 'முதல்ல வார்டு பேர் சொல்லுங்க மேடம், அப்புறம் பெட் நம்பர்' என்று உங்களை நடத்துகிறாள். அவள் தப்பாகச் சொன்னால் தப்பாகப் பேசி மாட்டிக்கொள்வது நீங்கள். யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பேச்சு அவள் வாயிலிருந்துதான் வருகிறது, அவமானம் மட்டும் அவளிடம் வருவதில்லை. அந்தப் படியில் மூன்று நான்கு முறை நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு போனை அவள் கையில் கொடுங்கள்.

இப்போது உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். பெட் பக்கத்தில் கேள்வி கேட்டதும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற கல்வியாளர் பள்ளி வகுப்புகளில் அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். மூன்று நொடி பொறுத்ததும் வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள், பதில்களும் நீண்டன. உங்கள் வார்டில் அந்த ஒரு நொடிக்குள் பதில் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவளைத் தலைவி என்கிறீர்கள், மற்றவளை ஊமை என்று நினைக்கிறீர்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், அதற்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லாரும் மூளையை அணைத்துவிடுவார்கள். நோயாளியின் எதிரிலேயே கேள்வி கேட்டுத் திட்டுகிற பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். திருத்தங்களை நர்சிங் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லலாம்.

ஆங்கிலம் வராததால் பேசவில்லையோ என்று யோசித்திருப்பீர்கள். எண்களும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்தில் வந்தால் போதும், மற்றதைத் தமிழில் சொல்லட்டும். தமிழ் தெரியாத வெளிமாநில பிஜி (மேற்படிப்பு) டாக்டர் டியூட்டியில் இருக்கும் நாளுக்காக ஆறு ஆங்கில வாக்கியங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முந்திக்கொண்டு பேசுகிற பெண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்படவே இல்லை. எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை. 1984-இல் பெக்மனும் ஃபிராங்கலும் டாக்டர்களின் உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்ததில், நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் குறுக்கே பேசிவிட்டார்கள். இந்தப் பிள்ளை 18 நொடிகூடப் பொறுக்க மாட்டாள். அவளுக்கு வேறு வேலை கொடுங்கள். ஒரு நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து 'என்ன பண்ணுதும்மா?' என்ற ஒரே கேள்வி. இரண்டு நிமிடம், வாட்ச்சைப் பார்த்து. நடுவில் தலையாட்டலாம், 'ம்' சொல்லலாம், அடுத்த கேள்வி கூடாது. வெளியே வந்து, அந்த அம்மா சொன்னதை அந்த அம்மாவின் வார்த்தையிலேயே உங்களிடம் ஒப்பிக்கட்டும். 'படபடன்னு வருது' என்று அவர் சொன்னதை இவள் 'பால்பிட்டேஷன்' என்று மாற்றிச் சொன்னால் திருப்பி அனுப்புங்கள். படபடப்பு என்று அவர் சொன்னது பயமாகவும் இருக்கலாம்.