கிணற்று நீரில் மண்ணில்லாப் பயிர்ச்செய்கை: எந்த மீற்றரை வாங்குவது, எப்படிப் பேணுவது?

கேள்வி: யாழ்ப்பாணம் உரும்பிராயில் வீட்டு மேல்மாடியில் பீ.வீ.சீ. குழாய்களில் அல்பேர்ட் உரக் கரைசலைக் கொண்டு சலாது வளர்க்கிறேன். என்னிடமுள்ள ரீ.டி.எஸ். மீற்றர் (நீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவைக் காட்டுவது) கிணற்று நீரில் 600 என்றும், உரம் கரைத்தபின் 1100 என்றும் காட்டுகிறது. அளவு போதும் என்று நினைத்தேன். பயிரோ வெளிறிப்போய் மெதுவாகவே வளர்கிறது. அமில, காரத் தன்மையை அளக்கும் பீ.எச். மீற்றர் எதில் அமிழ்த்தினாலும் 7 ஐ விட்டு அசைவதில்லை. புதிதாக எதை வாங்கலாம் ஐயா? வாங்கினால் எப்படிப் பேணவேண்டும்?

பதில்: உங்கள் ரீ.டி.எஸ். மீற்றரில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறதேயன்றி, கரைந்திருப்பது உரமா, சுண்ணாம்பா, கறியுப்பா என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்கு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிவரும் எங்கள் கிணற்று நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், நீங்கள் கண்ட 1100 இல் 600 கிணற்றுக்கு உரியது. பயிருக்கு நீங்கள் கொடுத்தது எஞ்சிய 500 மட்டுமே.

அந்த 500 கூட எந்த அளவையில் என்பதைப் பார்க்க வேண்டும். சில மீற்றர்கள் மின்கடத்துதிறன் அலகான 1 மில்லிசீமன்ஸை (1000 மைக்ரோசீமன்ஸ்) 500 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) என்றும், வேறு சில 700 என்றும் கணக்கிடுவதால், இரு வீட்டுக்காரர் தங்கள் பி.பி.எம். எண்களை ஒப்பிட்டுப் பேசுவதில் பயனில்லை. மீற்றரைச் சரிபார்ப்பதற்கான 1413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசலில் அமிழ்த்தும்போது ஏறத்தாழ 706 காட்டினால் உங்களுடையது முதல் வகை, 990 அளவில் காட்டினால் இரண்டாம் வகை. முதல் வகையாயின் உங்கள் கிணறு 1.2 மில்லிசீமன்ஸ், உரம் 1.0. சலாதுக்கு உரத்தால் மட்டும் 1.2 தொடக்கம் 1.8 வரை கிடைப்பது நல்லது.

ஆகவே, புதிதாக வாங்குவதாயின் மில்லிசீமன்ஸிலோ மைக்ரோசீமன்ஸிலோ நேரடியாகக் காட்டும் ஈ.சி. (மின்கடத்துதிறன்) மீற்றரையே வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் அளவீட்டு வழுவை வாசிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்: ‘முழு அளவீட்டின் 2 சதவீதம்’ என்றிருந்தால், 20 மில்லிசீமன்ஸ் வரை அளக்கும் கருவியில் அது 0.4 ஆகிவிடும், 4 வரை மட்டும் அளப்பதில் 0.08 தான். சலாதுக்கு 0.4 என்பது சிறிய பிழையல்ல. வெப்பநிலைத் திருத்தம் தானாக நிகழும் வகையாகவும் இருக்கவேண்டும். ஒரு பாகை கூடும்போது மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுவதால், மேல்மாடித் தொட்டி நீர் நியம 25 பாகையைத் தாண்டி 34 பாகைக்குச் சூடேறியிருக்கும் மத்தியானத்தில், அத்திருத்தம் இல்லாத மீற்றர் உரத்தை ஆறில் ஒரு பங்களவு கூட்டிக் காட்டும்.

ஈ.சி. மீற்றர் மலிவானதாயினும் பல ஆண்டு உழைக்கும், பணத்தைப் பீ.எச். மீற்றரில் போடுங்கள். அதன் நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் ஓரிரு ஆண்டில் தளர்ந்துவிடுவதால், அக்குமிழைக் கொண்ட முனையான மின்வாயைத் தனியாக மாற்றக்கூடிய வகையே ஈற்றில் இலாபம். உங்களிடமுள்ளதை இப்போதே எறிந்துவிட வேண்டாம். மூடிக்குள் ஈரமின்றிக் குமிழ் காய்ந்துபோவதே பெரும்பாலும் காரணம். பொற்றாசியம் குளோரைட்டுச் சேமிப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பீ.எச். நிலையாக இருக்கும் 7, 4 ஆகிய இரு தாங்கற் கரைசல்களிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண்ணைக் காட்டினால் குமிழ் வெடித்திருக்கும், அதற்கு மருந்தில்லை.

சுத்தமாக இருக்கட்டும் என்று குமிழைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைப்பவர் பலர். அந்நீர் கழுவுவதற்கு மட்டுமே. அதில் ஊறவிட்டால் மின்வாயினுள் இருக்கும் உப்பு வெளியேறி, கருவி சோர்ந்துவிடும். சேமிப்புக் கரைசல் கிடைக்காவிட்டால் பீ.எச். 4 தாங்கற் கரைசலில் சில துளிகளை மூடிக்குள் விட்டு வையுங்கள். கழுவியபின் குமிழைத் துடைக்கக்கூடாது, மெல்லிய ரிசுத் தாளால் ஒற்றியெடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை முதலில் 7 இலும் பின்னர் 4 இலும் அளவுதிருத்துங்கள். 10 இன் பொதி உங்களுக்குத் தேவைப்படாது. ஒருமுறை ஊற்றிப் பாவித்த தாங்கற் கரைசலைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

எங்கள் நீரில் இரு மீற்றர்களின் முனையிலும் வெண்படிவு பிடிக்கும். கேத்திலின் அடியில் பிடிக்கும் அதே சுண்ணாம்புதான் அது. வினாகிரியில் சில நிமிடம் வைத்துக் கழுவினால் கரைந்துபோகும், அதன்பின் பீ.எச். மின்வாயைச் சேமிப்புக் கரைசலில் சற்று ஊறவிட்டு மீண்டும் அளவுதிருத்த வேண்டும். ஈ.சி. மீற்றரை உலர வைப்பதில் தவறில்லை.

பயிர் வெளிறியதற்கு உரக்குறைவோடு உயர்ந்த பீ.எச். உம் காரணமாகலாம், 7 இற்கு மேல் இரும்பு வேருக்கு எட்டாது. நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளாகிறதா என்று பாருங்கள். பொசுபோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு 6 அளவில் நிறுத்தினாலும், அமிலத்தை முறிக்கும் இருகாபனேற்று எஞ்சியிருந்தால் மறுநாள் பீ.எச். ஏறியிருக்கும் என்பதால், காலையில் மீண்டும் அளந்தே முடிவு செய்யுங்கள்.

கிணறு 1.2 இல் நிற்கும்போது உரத்தை மேலும் கூட்டினால் மொத்த உப்பு சலாதுக்கு மிகையாகும். மாரியில் கூரை நீரைத் தாங்கியில் சேர்த்துக் கிணற்று நீரோடு சரிபாதி கலந்தால், அடிப்படை 0.6 ஆக இறங்கும், உரத்தால் 1.2 கூட்டி 1.8 இல் நிறுத்தலாம். கோடையின் பிற்பகுதியில் கிணறு உவரேறக்கூடுமாதலால், ஒவ்வொரு முறை தொட்டி நிரப்பும்போதும் உரமிடுமுன் வெறும் நீரை அளந்து, அந்த எண்ணைத் தொட்டியின் பக்கத்திலேயே திகதியோடு எழுதி வையுங்கள்.