எச்எஸ்பிசி எதில் சம்பாதிக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எச்எஸ்பிசி போன்று பல நாடுகளில் இயங்கும் வங்கிக்கு முதன்மை வருமானம் எது?

பதில்: கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் சேமிப்புக்குத் தரும் வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் கடன் கொடுப்பதைவிட, குறைந்த செலவில் பணம் திரட்டுவதே அதன் உண்மையான பலம் என்பது என் கருத்து. 1865-இல் ஹாங்காங்கில் தாமஸ் சதர்லாந்து தொடங்கிய அந்த வங்கி, 1993-இல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றிய பிறகும், ஹாங்காங் மக்கள் போட்டுவைத்திருக்கும் சேமிப்பைப் பெரிதும் நம்பியிருக்கிறது. வட்டி விகிதம் ஏறும்போது கடன்களிலும் அரசுப் பத்திரங்களிலும் வரவு விரைவாகக் கூடுகிறது. நடப்புக் கணக்குக்கும் சேமிப்புக் கணக்குக்கும் தரும் வட்டி அதே வேகத்தில் கூடுவதில்லை. 2023-இல் வரிக்கு முந்தைய லாபம் சுமார் 3,030 கோடி டாலரை எட்டியதற்கு இது முக்கியக் காரணம்.

கேள்வி: திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்புகிறேன். வாங்குபவர் எல்.சி. (பணம் தருவதாக அவருடைய வங்கி உறுதியளிக்கும் கடிதம்) திறந்தால் பணம் உறுதிதானே?

பதில்: ஆவணங்கள் சரியாக இருந்தால் உறுதி. எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யுசிபி 600-இன்படி வங்கி பார்ப்பது தாள்களை மட்டுமே, சரக்கை அல்ல. கடைசி ஏற்றுமதித் தேதி 20 என்று எல்.சி.யில் இருந்து, பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) 21 என்று விழுந்துவிட்டால், துணி எவ்வளவு தரமாக இருந்தாலும் வங்கி பணம் தர மறுக்கலாம்; வாங்குபவர் சம்மதித்தால்தான் பணம் வரும், ஆவணத்தில் குறை இருந்ததற்கான கட்டணமும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே எல்.சி. கைக்கு வந்த அன்றே தேதிகளையும் சரக்கு விவரத்தையும் வரிவரியாகப் படியுங்கள். திருத்தம் வேண்டுமானால் சரக்கு கப்பலேறுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். வங்கிகளுக்கோ எல்.சி. திறப்பதற்கும், இன்னொரு வங்கியின் எல்.சி.க்குத் தன் உறுதியையும் சேர்ப்பதற்கும், பில்லை டிஸ்கவுன்ட் செய்வதற்கும், அதாவது தவணைக்கு முன்பே கழிவு பிடித்துக்கொண்டு பணம் தருவதற்கும், தனித்தனியே வரவு உண்டு.

கேள்வி: பல நாடுகளில் தொழில் செய்யும் நிறுவனத்துக்கு அந்தந்த ஊர் வங்கிகள் போதாதா?

பதில்: போதும், ஆனால் பணம் சிதறிக்கிடக்கும். எல்லாக் கணக்குகளும் ஒரே வங்கியில் இருந்தால், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் அன்றாட மீதங்களை மாலையில் ஒரு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த மீதமே வங்கிக்கு நான் மேலே சொன்ன மலிவான பணம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குப் பணம் அனுப்பக் கட்டணமே இல்லை என்கிறார்களே?

பதில்: மாற்று விகிதத்தைப் பாருங்கள். சந்தையில் டாலர் 80 ரூபாயாக இருக்கும்போது உங்களுக்கு 79 ரூபாய் கணக்கிட்டால், ஆயிரம் டாலரில் ஆயிரம் ரூபாய் போய்விடுகிறது.